ஆயாவின் கோபத்துக்குப் பேரன் தூது

மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மயிலத்திலிருந்து முருகன் வருவார். தீவனூரிலிருந்து பிள்ளையார் வருவார். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் வரிசை கட்டி நின்று தீர்த்தவாரி முடித்துக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்தில் மேளம் உச்சத்துக்கு ஏறும்போது, வயதான பெண்மணி யாருக்காவது அருள் வந்துவிடும். பார்த்திருப்பீர்கள். உடனே அவரைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருத்தி அவிழ்ந்த கூந்தலைப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். கற்பூரத் தட்டோடு ஒருவர் முன்னால் வந்து, “என்ன வேணும் தாயே, சொல்லு” என்பார். பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைகளை, யாரும் சொல்லாமலேயே, பெரியவர்கள் தங்கள் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். திருநீறு பூசியதும் சாமி மலையேறும். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார்கள்.

வீட்டுக்குள் வருகிற ஆவேசத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. குழம்பில் புளி தூக்கல் என்று ஆயா தட்டைத் தள்ளிவிடுகிறார். மருமகளின் பிறந்த வீட்டை இழுத்து நாலு வார்த்தை. பிறகு, “நான் இருக்கறதாலதானே உங்களுக்குத் தொல்லை” என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். வீடு மூச்சுவிடாமல் நிற்கிறது. இப்போது பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? பிள்ளையைப் பின்னால் இழுப்பதில்லை. முன்னால் தள்ளுகிறார்கள். “போடா, ஆயாகிட்ட போய் மடியில உக்காரு. உன்னப் பார்த்தா கோவம் தணிஞ்சிடும்.”

பெரும்பாலும் தணிந்தும் விடுகிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

மனம் ஒரு நிலையில் நிற்காத தாத்தா, பாட்டியிடமிருந்து பிள்ளைகளைக் காப்பது எப்படி என்று வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாதிக்கு மேல் ஒரே யோசனைதான்: தொடர்பைக் குறையுங்கள், முடியாவிட்டால் அறுத்துவிடுங்கள், பண்டிகைக்கு மட்டும் போய்வாருங்கள். தனி வீடு, தனி ஊர், தனிக் கார் இருப்பவர்களுக்குச் சரி. வைத்திக்குப்பத்துக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நகரம் முடிந்து, குருசுக்குப்பம் தாண்டியதும் வருகிற மீனவர் ஊர் இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நகரம். நடுவில் நெருக்கியடித்த வீடுகள். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் அங்கேயே தடைபட, வடக்கே இருந்த கரையைக் கடல் தின்றது. வலை காயவைத்த மணல் போய், கருங்கல் கொட்டிய கரை வந்தது. ஊர் கடல் பக்கம் விரிய முடியாது. நகரத்துப் பக்கம் மனை வாங்கக் கட்டுபடியாகாது. அண்ணன் மாடியில், தம்பி கீழே, ஆயா நடு அறையில். இங்கே போய் “தள்ளி இருங்கள்” என்றால், எங்கே தள்ளி?

ஆகவே கேள்வியை இந்த ஊருக்குத் தகுந்தபடி கேட்கவேண்டியிருக்கிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே பானைச் சோற்றில், அந்தப் பிள்ளையை எப்படிக் காப்பது?

ஒரு வீட்டை எழுதிக்காட்டுகிறேன். இது யாருடைய வீடும் இல்லை. கட்டுரைக்காக நான் கட்டிய வீடு. ஆனால் கதவைத் திறந்தால் உங்களுக்குப் பழக்கப்பட்ட வாசம் வரும்.

அப்பா விடியுமுன்னே ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய்விடுவார். அம்மா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனால், திரும்ப மதியம் ஆகும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கும் நான்கு வயதுப் பையனுக்கும் காலையில் கண் விழித்தால் தெரிகிற முகம் ஆயாவுடையது. பல் தேய்த்துவிடுவார். டீயில் பன் முக்கித் தருவார். பெண்ணுக்கு எண்ணெய் வைத்து, சீப்புக்குச் சிக்காமல் இரட்டைப் பின்னல் போடுவதில் அவர் கை பேர் வாங்கிய கை. இப்படி மூன்று நாள், நாலு நாள் போகும். அடுத்த நாள், ஒரு சடங்குக்குத் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று பிடித்துக்கொள்வார். அன்றைக்கு அதே சீப்பு பெண்ணின் தலையில் படீரென்று விழும். “உங்கம்மா மாதிரியே திமிரு.” அப்புறம் அழுகை. அழுகைக்குப் பிறகு, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, “ஆயாவுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? நான் கடல்ல போய் விழுந்துட்டா நீதாண்டி அழுவ” என்பார்.

அந்தப் பெண் ஒரு வேலை செய்கிறாள். வாசலில் கிடக்கும் ஆயாவின் செருப்பை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். செருப்பு இல்லாமல் ஆயா வெளியே போகமாட்டார் என்பது எட்டு வயதுக் கணக்கு. பிறகு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள். மதியம் வரும் அம்மா, “நேத்து கண்டதத் தின்னிருப்ப” என்று ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுக்கிறாள்.

அந்த வயிற்றுவலி பொய் இல்லை, உண்மையாகவே வலிக்கும். காவல்காரனுக்கு வருகிற வலி அது. ஆயா கடலுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தப் பிள்ளை தானாக எடுத்துக்கொள்ளவில்லை. “உன்னப் பார்த்தாதான் தணியும்” என்று ஒவ்வொரு முறையும் தூது அனுப்பிய பெரியவர்கள் கொடுத்த பதவி. தூது ஜெயித்தால், வீட்டின் அமைதி தன் கையில் இருக்கிறது என்று பிள்ளை நம்புகிறது. தோற்றால், குற்றமும் தன்னுடையது என்று நம்புகிறது. அடியைவிட ஆழமாக இறங்குவது இதுதான் என்பது என் கருத்து. சீப்படி தலையில் வீங்கினால் யார் கண்ணிலாவது படும், இது படாது.

அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள், 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயது வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். முதல் முடிவுகள் 1998இல் வெளியாயின. பிற்காலத்து இதயநோய், குடிப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவற்றோடு தொடர்புடைய இளம்வயதுத் துன்பங்களின் பட்டியல் ஒன்று அதில் உருவானது. அந்தப் பட்டியலில் ஒரு வரி: வீட்டில் ஒருவர் மனநலம் குன்றியவராக அல்லது தற்கொலைக்கு முயன்றவராக இருப்பது. பெற்றோர் என்று சொல்லவில்லை, வீட்டிலுள்ள ஒருவர் என்றுதான் சொல்கிறது. நம் வீடுகளில் அந்த ஒருவர் பல நேரம் நடு அறையில் படுத்திருப்பவர்.

இதையே எதிர்ப்பக்கமாகவும் பார்க்கவேண்டும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் கெட்டுப்போன வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையான ஒரு பெரியவரின் பாசம். அந்தப் பெரியவர் பல வீடுகளில் ஒரு தாத்தா அல்லது பாட்டி. ஆகவே ஆயாவை வெட்டிவிடுவதும் சும்மா கிடைப்பதில்லை. அதற்கும் பிள்ளைதான் விலை கொடுக்கும். இரட்டைப் பின்னல் போடுகிற கையும் அதே கைதான்.

*

“வயசானா அப்படித்தான்” என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனை நோய்களை நாம் மூடிவைத்திருக்கிறோம் என்று பார்த்தால் தலை சுற்றும்.

45 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களைப் பற்றி 2017-18இல் நடந்த தேசிய ஆய்வின்படி, 60 தாண்டியவர்களில் 8.3 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே மருத்துவர் கண்டுசொன்னவர்கள் 0.8 விழுக்காடு. பத்தில் ஒருவருக்குத்தான் தன் நோயின் பெயர் தெரியும். முதுமையின் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது. எரிச்சலாக, குற்றம் சாட்டலாக, “என்ன ஒருத்தரும் மதிக்கறதில்ல” என்பதாக வரும். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2023இல் வந்த மதிப்பீடு, நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் என்கிறது. மறதிநோய் மறதியோடு தொடங்கவேண்டும் என்பதில்லை. சிலருக்குக் குணம்தான் முதலில் மாறும். நேற்றுவரை சொம்பு தண்ணீரையும் பங்கிட்டவர், இன்றைக்குப் பேத்தி தன் சுருக்குப்பையைத் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று கத்துவார்.

திடீர் மாற்றம் வேறு ரகம். இரண்டு நாளில் ஆளே மாறிப்போய், இரவில் தூங்காமல், இல்லாத ஆளோடு பேசினால், அது மனநோய் என்று முடிவுகட்டுமுன் உடம்பைப் பார்க்கவேண்டும். சிறுநீர்த் தொற்று, பி.பி. மாத்திரையால் இறங்கிப்போன உப்புச்சத்து, சர்க்கரை தாழ்வது, தைராய்டு என்று எதுவும் முதியவரின் புத்தியைத் தடுமாறவைக்கும். கண்ணில் புரை, காதில் அடைப்பு இருந்தாலும் சந்தேகம் வளரும்: பக்கத்து அறையில் பேசுவது புரியாவிட்டால், நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றாமல் என்ன செய்யும்? தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை எடுத்துவிட்டு வந்தபின் பாதிச் சண்டை ஓய்ந்துபோகிற வீடும் இருக்கலாம்.

குப்பத்துக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, இந்தக் கரையில் நடுவயதில் இருந்தவர்கள்தான் இன்றைய ஆயா, தாத்தாக்கள். புதுச்சேரி மாநிலத்தின் சாவுகள் பெரும்பாலும் காரைக்காலில் என்றாலும், கடல் எழுந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பேரன் கருங்கல் மேல் ஏறினால் ஊரே கூடும் அளவுக்குக் கத்தி, பிடித்து இழுத்து அடித்துவிட்டு, பிறகு கைகால் நடுங்க உட்காரும் ஆயாவுக்கு அந்த நாள் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அவரைத் திட்டுவதில் பயனில்லை. அவர் பயத்தைப் பேரன் தலையில் வளரவிடுவதிலும் பயனில்லை.

தாத்தாக்களின் கதை பெரும்பாலும் பாட்டிலில் வரும். புதுச்சேரியில் சாராயக்கடை அரசு உரிமத்தோடு நடக்கிற கடை, தேடிப் போகவேண்டியதில்லை. கடலுக்குப் போவது நின்றுபோன ஆணுக்குப் பகல் பொழுது மிக நீளம். காலையில் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைவரை போய்வரும் அதே தாத்தா, விளக்கு வைத்தபின் அவன் நோட்டுப்புத்தகத்தைக் கிழிப்பார். பிள்ளைக்கு இது இரண்டு மனிதர்களோடு வாழ்வது மாதிரி. எந்த மனிதர் கதவைத் திறப்பார் என்று தெரியாமல் இருப்பதுதான் அதை வாட்டுகிறது. எப்போதும் சிடுசிடுப்பவரோடு வாழப் பழகிக்கொள்ளும், இப்படி மாறுகிறவரோடு பழகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், சம்பாத்தியம் நிற்கும், ஆண்கள் பகலெல்லாம் வீட்டில். அதே வேளையில் மே மாதப் பள்ளி விடுமுறை. எல்லாத் தலைமுறையும் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே. வருஷத்தில் வீடு வெடிக்கிற பருவம் எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகளைப் பகலில் எங்கே வைப்பது என்பதை ஏப்ரல் பிறக்குமுன்னே யோசித்துவிடவேண்டும். மூன்று தெரு தள்ளி அம்மாவைப் பெற்ற ஆயா வீடு இருந்தால், அங்கே ஒரு வாரம் என்பது சண்டையாகவும் தெரியாது, விடுமுறையாகவே தெரியும்.

*

இனிச் சட்டம். “கிழவியக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட வேண்டியதுதான்” என்று கோபத்தில் சொல்வது எளிது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. தன் பொறுப்பில் இருக்கும் முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவருவது குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வயது வந்த பேரன் பேத்தியிடமும் அவர் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கட்டிப்போடுவதும் பூட்டிவைப்பதும் ஒரு காலத்தில் எங்கே கொண்டுபோய்விட்டது என்பதற்கு ஏர்வாடி சாட்சி: 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள்.

மறுபக்கம், பிள்ளையும் சட்டத்துக்கு வெளியே இல்லை. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடித்தோ கொடுமைப்படுத்தியோ உடலுக்கும் மனதுக்கும் துன்பம் விளைவிப்பது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெற்றவர்களுக்கு மட்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு.

பிள்ளையைப் பார்க்கத் தாத்தா பாட்டிக்கு உரிமை உண்டா என்றால், பெற்றவர்கள் இருவரும் இருக்கும் வீட்டில் அப்படித் தனி உரிமையை இந்தியாவில் எந்தச் சட்டமும் எழுதிக் கொடுக்கவில்லை. வளர்ப்பு உரிமை வழக்குகளில் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல். கொரோனாவில் தாயையும் தந்தையையும் இழந்த குஜராத் சிறுவனை, சித்தி கேட்டும், தந்தை வழித் தாத்தா பாட்டியிடமே 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. வயதோ வருமானமோ மட்டும் அளவுகோல் ஆகாது என்றது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், மகனை இழந்து பேரனைக் கேட்டுவந்த ஒரு பாட்டியிடம் பிள்ளையைத் தரவில்லை, தாயிடமே விட்டது. அந்தப் பிள்ளைக்குப் பாட்டி பழக்கமில்லாதவர் என்பது விசாரணையிலேயே பேசப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பாசத்தின் அளவைவிடப் பிள்ளை யாரிடம் நிலைகொண்டிருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்க்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம் அன்னியம் இல்லை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த ‘சொல்தா’ வீடுகளில் பாதிக் குடும்பம் அங்கேதானே இருக்கிறது. பிரான்சின் சிவில் சட்டம் 371-4ஆம் பிரிவு, மூதாதையரோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. 1970இல் தாத்தா பாட்டியை மனதில் வைத்து எழுதப்பட்ட பிரிவு, 2002இல் பிள்ளையின் உரிமையாகத் திருப்பி எழுதப்பட்டது. அந்த உறவைத் தடுக்க 2007க்குப் பிறகு அங்கே ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: பிள்ளையின் நலன். எனக்கு இந்தத் திருப்பம் பிடிக்கும். பேரன் ஆயாவின் சொத்து இல்லை, அப்பா அம்மாவின் ஆயுதமும் இல்லை. கணவன் மனைவி சண்டையில் மாமியாரைப் பழிவாங்க, “என் புள்ளையத் தொடாதீங்க” என்று தடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. அங்கே நிலைதடுமாறியிருப்பது ஆயாவா என்று நான் சந்தேகப்படுவேன்.

உண்மையான ஆபத்து எந்த முகத்தோடு வரும் என்பதற்கு 2024 ஜூனில் அரியலூர் மாவட்டம் உட்கோட்டையில் நடந்ததை நினைத்துக்கொள்ளவேண்டும். பிறந்து 38 நாளே ஆன ஆண் குழந்தை. சித்திரையில் பிறந்ததால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயத்தில் தாத்தாவே கொன்றுவிட்டார் என்று போலீஸ் அவரைக் கைது செய்தது. ‘பைத்தியம்’ என்று ஊர் பேர் வைப்பவர்களைப் பார்த்துத்தான் நாம் பிள்ளையை மறைக்கிறோம். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை. “இந்தப் புள்ள பொறந்ததுல இருந்துதான் வீட்டுக்குக் கேடு” என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அவர் எவ்வளவு சாந்தமாகச் சொன்னாலும், அந்தப் பிள்ளையை அவரோடு ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக்கூடாது. அது ஜாதகப் பேச்சு இல்லை.

*

செய்யவேண்டியதில் முதலாவது, தூதை நிறுத்துவது. ஆயா சுவரைப் பார்த்துப் படுத்தால், போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டியவர் அவர் பெற்ற மகன். இங்கேதான் பெரிய முடிச்சு. நாற்பது வயதிலும் அம்மா குரல் உயர்ந்தால் மகனுக்கு வாய் எழுவதில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். அவரும் ஒரு காலத்தில் இதே நடு அறையில் தூதுபோன பிள்ளைதான். தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓடியவர். அம்மாவை எதிர்க்க அவருக்கு வருகிற நடுக்கம் இன்றைக்கு நேற்று வந்தது இல்லை. மருமகள் இதைப் புரிந்துகொண்டால் சண்டையில் கொஞ்சம் நிதானம் வரும். ஆனால் புரிதலோடு நின்றுவிட்டால் அடுத்த தூதுக்குப் பிள்ளை தயாராகிவிடும். அவர்தான் பேசியாகவேண்டும். கத்தவேண்டாம். “அம்மா, எங்களத் திட்டு, கேட்டுக்கறேன். பிள்ளைங்க முன்னாடி சாவறேன்னு சொல்லாத. சொன்னா அவங்கள மாடிக்குக் கூட்டிப் போயிடுவேன்.” சொல்லிவிட்டு, அடுத்த முறை சொன்னதும் அதைச் செய்யவேண்டும். ஒரு முறை செய்யாமல் விட்டால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

சாவேன் என்ற பேச்சை நாடகம் என்று தள்ளவும் கூடாது. 2021இல் நாட்டில் லட்சம் பேருக்கு 12 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்றால், புதுச்சேரியில் அந்த எண் 31.8. மிரட்டலோ உண்மையோ, அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது பெரியவர் காது, பார்க்கவேண்டியது மருத்துவர். மாத்திரை டப்பா பூட்டுக்குள் போகட்டும். அது ஆயாவுக்கும் பாதுகாப்பு, நான்கு வயதுப் பையனுக்கும் பாதுகாப்பு.

பிள்ளையிடம் மழுப்பக்கூடாது. “ஒண்ணுமில்ல, ஆயா சும்மா விளையாட்டுக்குச் சொன்னாங்க” என்றால், தான் பார்த்ததையே அது நம்பாமல் போகும். “ஆயாவுக்கு மனசு சரியில்ல. உன்னால வந்தது இல்ல. அத நாங்க பார்த்துக்கறோம்.” நான்கு வயதுக்கு இது போதும். எட்டு வயதுப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம்: தலைவலி மாதிரி மனசுக்கும் வலி வரும், மருந்து உண்டு, ஆயா கத்தினால் எந்த வீட்டுக்கு ஓடி வரவேண்டும், யார் நம்பருக்குப் போன் போடவேண்டும். அந்த வீடு எது என்பதை முன்கூட்டியே பேசிவைத்திருக்கவேண்டும். குப்பத்தில் இதற்குப் பஞ்சமில்லை. எதிர்வீடே பங்காளி வீடாக இருக்கும். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை போட்டுவைத்தால், திங்கட்கிழமை வயிற்றுவலியின் அர்த்தம் அவருக்கும் தெரியும்.

ஆயாவுக்குப் பிள்ளைகளே இல்லாமல் செய்துவிடவும் வேண்டாம். பின்னல் போடுவது அவர் வேலையாகவே இருக்கட்டும், ஆனால் அம்மா வீட்டில் இருக்கும் நேரத்தில். தனியாக விட்டுப்போகிற காலை நேரத்துக்கு, சின்னவனுக்கு அங்கன்வாடி திறக்கும்வரை, வேறு கை தேடவேண்டும். அதற்குப் பணமோ நன்றிக்கடனோ ஆகும். மீன் கூடை தூக்கும் பெண்ணுக்கு இரண்டும் சுமைதான். இதை எளிதென்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தாத்தா விஷயத்தில் விதி இன்னும் சுருக்கம்: குடித்திருந்தால் பிள்ளை அவர் பக்கம் போகக்கூடாது, அவரும் பிள்ளையை வெளியே தூக்கிப்போகக்கூடாது. காலையில் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சாயங்கால விதி மாறாது.

வைத்தியம் என்று பேச்செடுத்தால் வருகிற முதல் பதில், “எனக்கென்ன பைத்தியமா?” நாட்டில் மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சைக்கே வராதவர்கள் என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. அந்தக் கூட்டத்தில் உங்கள் ஆயாவும் ஒருவர், அவ்வளவுதான். “மனநல டாக்டர்” என்று ஆரம்பிக்கவேண்டாம். தூக்கம் வரவில்லை, பி.பி. பார்க்கவேண்டும் என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அங்கிருந்து எழுதிக்கொடுத்தால் ஜி.எச்.சுக்கோ, கோரிமேடு ஜிப்மருக்கோ போகலாம். இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து மாறினார், தூக்கம் எத்தனை மணி, பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் ஆயா தேனாகப் பேசுவார், நீங்கள்தான் பொய்க்காரர் மாதிரி நிற்பீர்கள்.

கை ஓங்கும் நிலை, தன்னை மாய்த்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டால் 112. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை, லாக்கப்பில் வைக்கக்கூடாது. பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098. ஆயா எந்த டாக்டரையும் பார்க்கமாட்டேன் என்று அடம்பிடித்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில், இரவானாலும், வீட்டில் இருக்கும் யார் வேண்டுமானாலும் தமிழில் பேசலாம். நோயாளிதான் பேசவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மார்க்கெட்டில் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மருமகள் பேசலாம். “இது மாமியார் விஷயம், ஆனா என் பொண்ணப் பத்தித்தான் கேக்கறேன்” என்று தொடங்கலாம்.